இருபது யார் துணியும் ஒரு கோட்டும்: மட்டக்களப்பில் இடதுசாரி வாசிப்பை எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

போன வருடம் எங்கள் வாசிப்பு வட்டம் ஒரு கோட்டால் செத்தது.

கல்லடியில் ஒரு வீட்டு விறாந்தை. போயா நாட்களில், அதாவது பௌர்ணமி விடுமுறைகளில், பதினொரு பேர் கூடி ‘மூலதனம்’ முதல் பாகத்தை எடுத்தோம். 1867 இல் வந்த புத்தகம். இடதுசாரி வாசிப்பென்றால் அதில்தானே தொடங்க வேண்டும் என்றொரு ரோசம். முதல் அத்தியாயத்திலேயே மார்க்ஸ் இருபது யார் (கெஜம்) லினன் துணியை ஒரு கோட்டுக்குச் சமன் போடுகிறார். எங்களில் ஒருவர் நாற்பது வருடம் தையல் மெசினுக்கு முன்னால் இருந்தவர். “இருபது யாரில ஒரு கோட்டா? ஆர் கா அந்த டெய்லர்? மிச்சத் துணி எங்க போன?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அது பெறுமதிக் கணக்கு, வெட்டுத் துணிக் கணக்கல்ல என்று விளங்கப்படுத்தப் போய் மூன்று போயா போனது. நாலாவது போயாவுக்கு நாலு பேர் வந்தார்கள். ஐந்தாவதுக்கு நானும் வீட்டுக்காரரும்தான்.

இப்போது யோசித்தால், அந்த மூன்று போயாவிலும் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அந்த டெய்லருடையது. துணி நெய்தவனின் நாளையும் கோட்டுத் தைத்தவனின் நாளையும் எந்தக் கோலால் அளப்பது என்பதுதானே அங்கே விஷயம்? அவர் அந்த வாசலிலேயே நின்றார். நாங்கள் சிரித்துக் கதவைச் சாத்தினோம்.

இந்த வருடம் மறுபடி கூடுகிறோம். எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்று ஒப்பிட்டு எழுதித் தரும்படி என் தலையில் கட்டினார்கள். எழுதியதைக் கொஞ்சம் பெருப்பித்து இங்கே தருகிறேன். வாழைச்சேனையிலும் அக்கரைப்பற்றிலும் இதே கேள்வியோடு இருக்கிறவர்களுக்கு உதவக்கூடும்.

யார் யார் வருகிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர், நாங்கள் சேர் என்போம். அவருடைய அலுமாரியில் மொஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ்ப் புத்தகங்கள் இன்னும் அந்தப் பழைய பசை மணத்தோடு இருக்கின்றன. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற இரண்டு பிள்ளைகள். வவுணதீவுப் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிற மூன்று அக்காமார், மூவருக்கும் குழுவாகச் சேர்ந்து எடுத்த நுண்கடன், குழுக்கடன், இருக்கிறது. காத்தான்குடியில் கடை வைத்திருக்கிற ஒரு முஸ்லிம் அண்ணன், நாங்கள் காக்கா என்போம். ஒரு வயற்காரர், அவருடைய அப்பப்பா ஒரு போடியாரிடம், அதாவது பெரிய வயற்சொந்தக்காரரிடம், வயல் வேலை செய்கிற முல்லைக்காரராக இருந்தவர். டெய்லர். பிறகு என்னைப்போல் சிலர். இவர்களில் இங்கிலிசு தடக்குப்படாமல் வாசிக்கிறவர்கள் நாலு பேர்தான்.

அதனால் என் அளவுகோல் ஒன்றுதான். வட்டத்தில் ஆகக் குறையப் பேசுகிற ஆள் இந்தப் புத்தகத்தோடு மல்லுக்கட்ட முடியுமா? புத்தகம் எவ்வளவு பெரியது, எவ்வளவு புரட்சிகரமானது என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

சேரின் வாக்கு ‘கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை’க்கு. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. தமிழில் இருக்கிறது, சின்னப் புத்தகம், இணையத்தில் காசில்லாமலும் கிடைக்கிறது. 1848 பெப்ரவரியில் லண்டனில் ஜெர்மன் மொழியில் அச்சானபோது மார்க்சுக்கு 29 வயது, ஏங்கெல்சுக்கு 27. அந்த இளந்தாரி வேகம் வசனத்தில் தெரியும். பெரியார் 1931 இலேயே ‘குடி அரசு’ இதழில் தமிழ் மொழிபெயர்ப்பைப் போடத் தொடங்கிவிட்டார், ஆகவே தமிழுக்கு இது புதிய சரக்குமல்ல. இரண்டாம் பகுதி முடிவில் பத்து நடவடிக்கைகள் வரும்: படிமுறையாக ஏறுகிற வருமான வரி, பரம்பரைச் சொத்துரிமை ஒழிப்பு என்று போய்ப் பத்தாவதாகப் பிள்ளைகள் எல்லோருக்கும் இலவசக் கல்வி. சேர் அந்த இடத்தில் விரலை வைத்து, “இது நமக்கு 1945 இலேயே கிடைச்சிட்டு” என்பார். அவரே அந்த இலவசக் கல்வியால் ஆசிரியரானவர். அவர் சொல்லும்போது அது அச்சடித்த வரியாகக் கேட்காது.

ஆனால் இதே புத்தகம் நாட்டுப்புற வாழ்வின் மடமையிலிருந்து முதலாளித்துவம் ஒரு பகுதி மக்களை மீட்டதாகவும் சொல்கிறது. மூலச் சொல் மடமையைக் குறிக்கவில்லை, உலகத் தொடர்பற்ற ஒதுங்கலைக் குறித்தது என்று பின்னால் வந்தவர்கள் விளக்கம் தந்தார்கள். இருக்கட்டும். வட்டையில் இரவு தண்ணி கட்டிவிட்டு வந்து குந்தியிருக்கிற மனிசனுக்கு முன்னால் அதை வாசித்துப் பாருங்கள், அவர் ஏதாவது சொல்வார். அந்த அளவில் நல்ல புத்தகம்தான். எனக்குள்ள பயம் வேறு. இதன் வரிகள் சுவரொட்டியாகவும் மே தினக் கோஷமாகவும் எங்கள் காதில் ஏற்கெனவே விழுந்து விழுந்து தேய்ந்தவை. வாசிக்கும்போது தலையாட்டத் தோன்றும், வாய் திறக்கத் தோன்றாது. இளம் தொழிற்சங்கக்காரர்கள் கூடுகிற வட்டமென்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுங்கள். எங்களுக்கு இது முதல் புத்தகமல்ல.

‘வால்காவிலிருந்து கங்கை வரை’ டெய்லரின் தெரிவு. அவர் இளவயதில் இரவல் வாங்கி ஒரே இரவில் முடித்த புத்தகமாம். ராகுல் சாங்கிருத்தியாயன் 1942 இல் ஹசாரிபாக் சிறையில் இருந்து ஹிந்தியில் எழுதிய இருபது கதைகள், கண. முத்தையா தமிழாக்கியது. கி.மு. 6000 இல் வால்கா நதிக்கரையில், தாய் தலைமை தாங்குகிற ஒரு குடும்பத்தில் தொடங்கி 1942 இல் முடியும். தனிச்சொத்து, அடிமை, அரசன், சாதி எல்லாம் எப்படிப் படிப்படியாக வந்தன என்று பாடம் நடத்தாமல் கதையாகவே காட்டிவிடும். எழுதியவர் களனியில் வித்தியாலங்காரப் பிரிவெனா என்கிற பிக்குமார் பள்ளியில் படிப்பித்து, இங்கேயே பிக்குவாகி, பிறகு பொதுவுடமைக்குப் போன மனிதர். அந்தக் கதையே ஒரு மாலைக்குப் போதும்.

வாசிப்புச் சுகத்தில் இதை அடிக்க மேசையில் வேறு புத்தகமில்லை. குறை என்னவென்றால், சரித்திரம் முழுவதும் ஆரியர் வந்த வழியே நடக்கிறது. தெற்கும் கடலும் ஈழமும் கண்ணில் படுவதில்லை. அதோடு, கதைகளில் வரும் ஆதிச் சமூகம் பெரும்பாலும் அந்தக் காலத்து மார்க்சியத்தின் அச்சுவார்ப்பு. அகழ்வாராய்ச்சி அதற்குப் பிறகு எவ்வளவோ தூரம் போய்விட்டது. கதை என்று வாசிக்கலாம், சரித்திரம் என்று நம்பினால் பிசகு. வாசிப்புப் பழக்கமே விட்டுப்போனவர்கள் கூடுகிறீர்கள் என்றால் இதுதான் உங்கள் புத்தகம்.

நம் நாட்டுப் புத்தகம் வேண்டாமா என்று வந்தாறுமூலைத் தம்பி கேட்டார். சரியான கேள்வி. அவர் கொண்டுவந்தது நா. சண்முகதாசன் 1972 இல் இங்கிலிசில் வெளியிட்ட இலங்கைச் சரித்திரம். 1971 ஏப்ரல் ஜே.வி.பி. கிளர்ச்சியோடு அரசு அவரையும் பிடித்து உள்ளே போட, சிறைக்குள் எழுதியது. மானிப்பாயில் பிறந்தவர், கொழும்புத் தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர், சீனச் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர். அரசர்களின் குளங்களையும் கோவில்களையும் பாடாமல் உழைத்தவர்கள் பக்கமிருந்து நாட்டைப் பார்க்கிற எழுத்து. நாடாளுமன்றப் பாதையில் போன இடதுசாரிகளுக்கு அதில் தயவு தாட்சண்யமே கிடையாது.

இந்தப் புத்தகத்தை விரித்தால் விறாந்தை சூடாகும், அது எனக்குத் தெரியும். இடதுசாரி என்ற சொல்லின்மீது தமிழருக்கு ஒரு பழைய கோபம் இருக்கிறது. 1953 ஆகஸ்ட் 12 ஹர்த்தாலில், கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாகியதற்காக நாடே எழும்பியபோது முன்னால் நின்றவர்கள் இடதுசாரிகள். 1956 இல் ஒரு மொழியென்றால் இரண்டு நாடு, இரண்டு மொழியென்றால் ஒரு நாடு என்று எச்சரித்தவர் கொல்வின் ஆர். டி சில்வா. அவருடைய லங்கா சமசமாஜக் கட்சியே 1966 ஜனவரி 8 இல், அரச அலுவலில் தமிழுக்கு இடம் தந்த தமிழ்மொழிப் பிரமாணங்களுக்கு எதிரான ஊர்வலத்தில் நடந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்காவின் வயிற்றில் மசாலா வடை என்று கத்திக்கொண்டு போன ஊர்வலம் அது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்த 1972 அரசியலமைப்பை வரைந்த அமைச்சரும் அதே கொல்வின்தான். இந்தச் சங்கதியெல்லாம் சேருக்கு விரல் நுனியில் இருக்கிறது. ஆனால் அதுவே பிரச்சினை. சேரும் தம்பியும் பேசுவார்கள், மற்ற ஒன்பது பேரும் மரவள்ளிக்கிழங்கு சாப்பிடுவார்கள். வயற்காரர் ஒருவேளை 1958 நெற்காணிச் சட்டத்தில் வாய் திறக்கலாம். பிலிப் குணவர்தன குத்தகை விவசாயிக்கு உரித்துக் கொடுக்கப் போட்ட அந்தச் சட்டத்துக்குப் பிறகு போடியாருக்கும் அவருடைய அப்பப்பாவுக்கும் இடையில் நடந்ததை ஒருமுறை சொல்லத் தொடங்கி, இடையில் நிறுத்திவிட்டார். அந்தக் கதை எந்தப் புத்தகத்திலும் இல்லை. இரண்டாவது வருடத்துக்கு இதை வைக்கலாம் என்பது என் எண்ணம்.

குமாரி ஜயவர்த்தன 2000 இல் எழுதிய, சாராயக் குத்தகையில் காசு சேர்த்தவர்கள் எப்படி இலங்கையின் மேட்டுக்குடியானார்கள் என்ற ஆய்வையும் ஒருவர் சொன்னார். அருமையான புத்தகம், பெயர்களும் குடும்பங்களும் நிறைந்தது. கொழும்பையும் தெற்கையும் தெரிந்தவர்களுக்கு இன்னும் இனிக்கும். சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963 இல் கிரிக்கெட்டை வைத்து எழுதியதைக் கேட்டதும் டெய்லரின் மகன் கண் விரித்தான். அவன் வட்டத்தில் இல்லை, தகப்பனைக் கூட்டிப்போக மோட்டார் சைக்கிளில் வந்தவன். அப்படிப்பட்ட பிள்ளைகள் பத்துப்பேர் சேர்ந்தால் வேறு வட்டமே தொடங்கலாம்.

ஃபனானிடம்தான் நான் அதிக நாள் நின்றேன். பிரான்ஸ் ஃபனான், மார்த்தினிக் தீவில் 1925 இல் பிறந்த கறுப்பின மனநல மருத்துவர். அல்ஜீரியாவில் பிளிதா மனநல வைத்தியசாலையில் வேலை செய்தார், விடுதலைப் போராட்டத்தில் சேர்ந்தார், 1961 டிசம்பரில் இரத்தப் புற்றுநோயால் 36 வயதில் செத்தார். மண்ணில் சபிக்கப்பட்டவர்களைப் பற்றிய அவருடைய புத்தகம் அதே வருடம்தான் வந்தது. பிரெஞ்சுத் தத்துவஞானி சாத்தரின் முன்னுரை ஃபனானைவிடச் சத்தமாகக் கத்துகிறது என்பது என் அபிப்பிராயம். வன்முறை பற்றிய முதல் அத்தியாயத்தை மட்டும் வாசித்துவிட்டு ஃபனானைத் தூக்கிப் பிடித்தவர்களும் உண்டு, தூக்கி எறிந்தவர்களும் உண்டு.

எங்களுக்கு வேண்டியது அந்த அத்தியாயமல்ல. மூன்றாவதும் ஐந்தாவதும்தான். விடுதலை கிடைத்த பிறகு உள்ளூர் முதலாளி வர்க்கம் என்ன செய்யும் என்று மூன்றாவதில் எழுதுகிறார். எதையும் உண்டாக்காமல் தரகு பார்க்கும், கடற்கரையை வெளியூர்க்காரனின் உல்லாசத்துக்கு ஒழுங்கு செய்து கொடுக்கும். பாசிக்குடாவில் விடுதி மதிலுக்கு வெளியே நின்று அதை வாசிக்க வேண்டும் போலிருந்தது. அடுத்துச் சொல்வது இன்னும் கிட்ட வருகிறது. தேசியம் முற்றித் தீவிரமாகி, வெறியாகி, கடைசியில் பக்கத்து வீட்டுக்காரனையே அந்நியனாக்கிக் கடையை உடைக்கிற இடத்தில் முடியும் என்கிறார். ஐவரி கோஸ்டில், தகோமி நாட்டிலிருந்து வந்தவர்களின் கடைகளுக்கு நடந்ததை உதாரணம் காட்டுகிறார்.

ஐந்தாவது அத்தியாயம் நோயாளிகளின் குறிப்புகள். கைதிகளைச் சித்திரவதை செய்கிற ஒரு பொலிஸ் அதிகாரி வருகிறான். வீட்டில் மனைவியையும் பிள்ளைகளையும் அடிக்கத் தொடங்கிவிட்டான். அவன் வேலையை விடக் கேட்கவில்லை. மனக்குத்தல் இல்லாமல் அந்த வேலையைத் தொடர மருந்து கேட்கிறான். இன்னொரு குறிப்பில், தங்களோடு விளையாடிய ஐரோப்பியப் பையனைக் கொன்ற பதின்மூன்றும் பதினான்கும் வயதான இரண்டு அல்ஜீரியச் சிறுவர்கள்.

ஃபனானைக் கொழும்பிலிருந்து எடுப்பித்து முதலில் வாசித்தது நான்தான். வாசித்த இரவு நித்திரை இல்லை. இதை இங்கே யாரோடு சேர்ந்து வாசிப்பது? எங்கள் விறாந்தையில் காத்தான்குடிக் காக்கா இருக்கிறார். ஒரு அக்காவின் ஆட்கள் சத்துருக்கொண்டானில் இருந்தவர்கள். காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலை நடந்த 1990 ஆகஸ்டும், சத்துருக்கொண்டான் படுகொலை நடந்த செப்டம்பரும் இரண்டு பேருக்கும் வெறும் மாதங்களல்ல. இருவரும் பக்கத்தில் இருந்து பிளேன்ரீ குடிக்கிறார்கள், ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஃபனான் அந்தப் பேச்சைத் தொடக்கிவிடுவார். தொடங்கினால் முடித்து வைக்கத் தெரிந்த ஆள் எங்களிடம் இல்லை. முதல் கூட்டத்திலேயே அதைக் கேட்பது அநியாயம். உளவளத்துணை தெரிந்த ஒருவர் இருக்கிற வட்டம் என்றால், நான் சொல்கிற இரண்டு அத்தியாயங்களோடு தொடங்குங்கள், முதலாவதைக் கடைசிக்கு வையுங்கள்.

மிஞ்சியது டேவிட் கிரேபர் 2011 இல் எழுதிய கடனின் ஐயாயிரம் வருடச் சரித்திரம். இதை மேசையில் வைத்தவள் வந்தாறுமூலைத் தங்கச்சி. கிரேபர் மார்க்சியரல்லர், அரசையே வேண்டாமென்கிற அராஜகவாதி. சேருக்கு அந்த ஒரு காரணமே போதும், முகம் சுளித்தார். மானிடவியலாளர், மடகஸ்காரில் தங்கி ஆய்வு செய்தவர், 2011 வோல் ஸ்ட்ரீட் முற்றுகையில் நின்றவர், 2020 இல் காலமானார்.

முதல் அத்தியாயத்தைத் தங்கச்சி எங்களுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். லண்டனில் ஒரு விருந்து. கிரேபர் ஒரு வழக்கறிஞரிடம், ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறார். அந்த அம்மா, “ஆனால் அவர்கள் கடன் வாங்கினார்களே! வாங்கினால் கட்டத்தானே வேணும்?” என்கிறார். தங்கச்சி அதைச் சொல்லி வாய் மூடவில்லை. அதுவரை மூன்று கூட்டத்தில் மூன்று வார்த்தை பேசாத வவுணதீவு அக்கா, “இத எங்கட சென்டருக்கு வாற தம்பியும் சொல்றவன்” என்றார், குழுக்கடன் தவணை அறவிட வருகிறவனைச் சொன்னார். “ஒருத்தி கட்டாட்டி மத்த நாலு பேரும் கட்டணும். அவன் கத்திரதில்ல, விறாந்தையில குந்திக்கிட்டு இரிப்பான். பொழுது பட்டாலும் எழும்ப மாட்டான்.”

அரை மணித்தியாலம் அவர்தான் பேசினார். கிழமைக் கட்டுக்காசுக்காக இன்னொரு இடத்தில் எடுத்த கடன், அதற்காக ஈடு வைத்த தோடு, வட்டி எழுதிய துண்டு. நாங்கள் யாரும் பெறுமதி வடிவம் பற்றி விளக்கம் கேட்கவில்லை.

அந்த அத்தியாயம் மடகஸ்காரில் போய் நிற்கிறது. சர்வதேச நாணய நிதியத்தின் சிக்கன நிபந்தனையால் நுளம்புக் கட்டுப்பாட்டுத் திட்டம் நின்று, மலேரியா திரும்பி வந்து பத்தாயிரம் பேர்வரை செத்தார்கள் என்கிறார். எங்களுக்கு 2022 ஏப்ரல் 12 ஞாபகம் வந்தது. அன்றைக்கு இலங்கை அரசு வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அறிவித்தது. “அரசாங்கத்துட விறாந்தையில ஆரும் குந்தல்லையா?” என்று டெய்லர் கேட்டார். இந்தமுறை சிரித்தாலும் கேள்வியை விடவில்லை. குந்தினார்கள், நாணய நிதியம் என்ற பெயரில் வந்தார்கள் என்று தம்பி தொடங்க, நல்ல வாக்குவாதம் ஒன்று நடந்தது.

புத்தகத்தின் வலு அது தருகிற பழைய கதைகளில் இருக்கிறது. முதலில் பண்டமாற்று, பிறகு காசு, பிறகு கடன் என்று பொருளியல் பாடத்தில் படித்த வரிசைக்கு ஆதாரமே இல்லை என்கிறார். மெசொப்பொத்தேமியக் கோயில்களில் நாணயம் வருவதற்கு ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்பே கடன் கணக்கு எழுதியிருக்கிறார்கள். கடன் முற்றிப் பிள்ளைகளை அடிமையாகக் கொடுக்கிற நிலை வந்தால் அரசன் கடன்களை அழித்துப் பலகையைத் துடைத்துவிடுவான். அப்படி விடுபட்டவர்களின் நிலைக்குச் சுமேரியர் சொன்ன சொல் ‘அமர்கி’. விடுதலை என்று அர்த்தம், சொல்லுக்குச் சொல் பார்த்தால் தாயிடம் திரும்புதல். 2018 இல் இங்கே வறட்சி கண்ட மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் ரூபாய்வரையான நுண்கடன்களை அரசு தள்ளியதையும், 2021 இல் ஹிங்குராக்கொடைப் பெண்கள் கடனை ஒழிக்கச் சொல்லிச் சத்தியாக்கிரகம் இருந்ததையும் அதற்குப் பக்கத்தில் வைத்துப் பேசலாம்.

எனக்கு ஆகப் பிடித்தது ஒரு சின்ன இடம். நைஜீரியாவின் திவ் மக்களிடம் போன ஒரு மானிடவியலாளப் பெண்ணுக்கு அயலவர்கள் முட்டை, சோளம் என்று கொண்டுவந்து தருகிறார்கள். திருப்பி ஏதாவது கொடுக்க வேண்டும், ஆனால் சரியாக அதே பெறுமதிக்குக் கொடுக்கக் கூடாது. கணக்குத் தீர்ந்துவிட்டால் உன்னோடு இனி எனக்கு அலுவலில்லை என்று அர்த்தமாகிவிடும். இதை விளங்கப்படுத்தத் தேவையே இருக்கவில்லை. கறி வந்த கிண்ணத்தை வெறுமையாய்த் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எங்களுக்கில்லை, நாலு முருங்கைக்காயாவது போகும். கைமாற்று வேறு, கடன் வேறு என்று அக்கா ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார். கிரேபர் அந்த வித்தியாசத்தைத்தான் ஐந்நூறு பக்கத்துக்கு இழுக்கிறார்.

குறை இல்லாமலில்லை. பெரிய புத்தகம், தமிழில் நாங்களே சொல்லிக்கொள்ள வேண்டும். எங்களுக்கு ஒரு பிரதி ஐயாயிரத்துக்குக் கிட்ட முடிந்தது. பழைய காலத்தைச் சொல்லும்போது இருக்கிற நிதானம் கடைசி அத்தியாயங்களில் இல்லை. முதற் பதிப்பில் அப்பிள் நிறுவனத்தை ஐபிஎம் ஆட்கள் தொடங்கியதாகப் படுபிழையான ஒரு வரி இருந்து, எதிராளிகள் அதை வைத்தே அவரை உரித்தார்கள். சுரண்டலை உற்பத்தியில் தேடாமல் கடனில் தேடுகிறார் என்பது சேரின் வாதம். வயல் குத்தகையை வைத்துப் பார்த்தால் சேர் சொல்வதில் பாதிக்கு மேல் சரி. ஆனால் சேர் அதைப் புத்தகத்தை எதிர்த்துச் சொன்னார், அக்கா சேரை எதிர்த்துச் சொன்னார். என் அளவுகோலுக்கு அது காணும்.

ஆகவே கிரேபர்தான். முழுப் புத்தகமும் இல்லை, முதல் ஐந்து அத்தியாயங்கள் மட்டும், ஐந்து போயாவுக்கு. தம்பியும் தங்கச்சியும் மாறி மாறித் தமிழில் சொல்வார்கள், காக்கா கொப்பியில் குறிப்பெடுப்பார். அவருடைய கடைக் கணக்கெழுத்துத்தான் எங்களில் தெளிவானது. சேரைச் சமாதானப்படுத்த, மே தினத்துக்குக் கிட்ட வருகிற போயாவில் அறிக்கையின் முதல் பகுதியைச் சத்தமாக வாசிப்பது, வாசிப்பவர் அவரே. ஃபனான் என் வீட்டு அலுமாரியில் இருக்கிறது, கேட்டால் கொடுப்பேன்.

எல்லாம் பேசி முடிந்து கதிரைகளை உள்ளே எடுக்கும்போது டெய்லர் என்னைத் தனியே கூப்பிட்டார். “அந்தக் கோட்டுப் புத்தகத்த ஒருக்கா தாங்க பாப்பம். வீட்ட வச்சு வாசிக்கிறன்” என்றார். கொடுத்துவிட்டேன். இன்னும் திரும்பி வரவில்லை.